அரிசிப் பின்னல்

டோர்ட்மண்ட் வடநகரில், போர்சிக்பிளாட்ஸ் சந்தியிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தேவாலய மண்டபம் இருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரங்களில் அங்கே பதினொரு பெண்கள் கூடுவோம். மூத்தவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இளையவள் துருக்கியப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். தமிழ் என்று சொல்ல நான் ஒருத்திதான். கோப்பி, ஆப்பிள் கேக், மேசை நிறைய நூல் உருண்டைகள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னி மாதம் ஒருமுறை ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புகிறோம்.

ஆயிரம் கிராம் நிறையில் பிறக்கும் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். ஒரு பெரிய தோடம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உடம்புக்குத் தன் சூட்டைத் தானே காப்பாற்றத் தெரியாது. தலையால்தான் அதிகம் இழக்கும். தொப்பியின் நூல் தோலை உறுத்தக்கூடாது, 60 பாகை வெந்நீரில் தோய்த்தாலும் சுருங்கக்கூடாது, நூல் நுனி தொங்கக்கூடாது, பொத்தான் ஆகவே ஆகாது. 2013இல் டென்மார்க்கில் இதே குழந்தைகளுக்குக் குரோஷே ஒக்டோபஸ் பின்னிக் கொடுக்கும் வழக்கம் தொடங்கி ஐரோப்பா முழுவதும் பரவியது. அதன் கைகள் தொப்புள்கொடி போலப் பிடிபடுவதால், குழந்தைகள் ஏற்றியிருக்கும் குழாய்களை இழுப்பது குறைகிறது என்று சொன்னார்கள். எங்கள் குழுவிலும் ஒரு காலம் ஒக்டோபஸ்கள் குவிந்தன. பிறகு தொப்பிக்கே திரும்பிவிட்டோம்.

கடந்த குளிர்காலத்தில் எங்களுக்கென்று ஒரு மாதிரித் தாள் எழுதுவோம் என்று முடிவாயிற்று. அதுவரை ஆளாளுக்கு ஓர் அளவு. சேர்ந்த தொப்பிகளில் பாதி பொம்மைக்கும் ஆகாது, மீதி ஒரு வயதுப் பிள்ளைக்கு ஆகும். எழுதும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். மெல்லிய பருத்தி நூல், இரண்டரை மில்லிமீற்றர் ஊசி, பத்துச் சென்ரிமீற்றருக்கு 26 கண்ணி. தொப்பி சும்மா கிடக்கும்போது 21 சென்ரிமீற்றரும் இழுபட்டால் 25உம் வரவேண்டும். ஆக 56 கண்ணிகள். இந்த நாட்டில் வட்டமாகப் பின்னுவதற்கு ஐந்து ஊசிகள் கொண்ட கட்டு விற்கிறார்கள். நாலில் கண்ணி ஏறியிருக்கும், ஐந்தாவது ஓடும். ஊசிக்குப் பதினான்கு, கணக்குச் சரி. அம்மாவிடம் இருந்தது ஆங்கிலேயர் முறையில் நாலு ஊசிக் கட்டு. மூன்றால் வகுபட வேண்டுமென்பதால் அவர் 54 அல்லது 57 போட்டிருப்பார்.

பின்னல் வகையாக, அம்மா அரிசிப் பின்னல் என்று சொல்லுவதைத் தெரிந்தேன். ஒரு கண்ணி நேர், ஒரு கண்ணி மறு. அடுத்த சுற்றில் நேருக்கு மேல் மறு, மறுவுக்கு மேல் நேர். சுளகில் பரப்பியதுபோலக் குருணை குருணையாக எழும்பும். ஓரம் சுருளாது. உள்ளும் புறமும் ஒன்றுபோல இருக்கும். ஜேர்மன்காரருக்கு இது முத்துப் பின்னல், பேர்ல்முஸ்டர். நாங்கள் நேர், மறு என்பதை அவர்கள் வலம், இடம் என்கிறார்கள்.

மாதிரியைப் பின்னிக் காட்டிய அன்று ஒரு பெண் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “நூலை வலக்கையில் பிடிக்கிறீர்களே, எங்கே படித்தீர்கள்?” இங்கே நூல் இடது சுட்டுவிரலில் சுற்றிக் கிடக்கும், ஊசி அதைக் கொத்தி எடுக்கும். நான் வலக்கையால் நூலை ஊசிமேல் எறிந்து எடுப்பவள். அம்மாவிடம் படித்தேன் என்றேன். அம்மா? பாடசாலையில். பாடசாலையில் யார் சொல்லிக் கொடுத்தது? அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பாடசாலை அது. “அப்போ இது எங்களிடமிருந்து உங்களுக்கு வந்ததுதானே,” என்று சிரித்தார். நல்ல மனுசி, குத்திக் காட்டவேண்டுமென்று சொன்னதல்ல. நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். டிராமில் வீடு வந்து சேரும்வரை அந்த ‘எங்களிடமிருந்து உங்களுக்கு’ காதுக்குள்ளேயே கிடந்தது. அன்றிரவுதான் இந்தக் கட்டுரைக்கான வாசிப்பைத் தொடங்கினேன்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தின் வெயிலுக்குக் கம்பளிப் பின்னல் என்ன தேவைக்கு? எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்கள் சார்வோலையில் பழகியவை. பெட்டி, பாய், கடகம், நீத்துப்பெட்டி எல்லாம் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று எண்ணி எண்ணிப் பின்னுவதுதான். சாயமிட்ட ஓலையைச் சேர்த்துக் கட்டம் கட்டமாகக் கோலம் இறக்குவதும் கணக்குத்தான். ஆனால் இரண்டு ஊசியும் ஒரு நூலும் கடல் தாண்டி வந்தவை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலையும் தொடங்கினார்கள். உடுவில் பாடசாலையை நடத்தியவர் ஹரியற் வின்ஸ்லோ. அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவை நாம் அறிவோம். 1862இல் சென்னையில் வெளிவந்த தமிழ் - ஆங்கிலப் பேரகராதி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஹரியற் அதைப் பார்க்கவில்லை. 1833இல் உடுவிலிலேயே இறந்துபோனார். வேதாகமத்தோடும் எழுத்தோடும் ஊசி வேலையும் அந்தப் பாடசாலையின் பாடம். அம்மா படித்தது அதற்கு நூற்றுச் சொச்ச வருடங்களுக்குப் பிறகு. “பிள்ளை, ஊசியை இறுக்கிப் பிடியாதை, அது உன்ரை எதிரியில்லை” என்று அம்மா சொல்லும் வசனம்கூட அவருடைய தையல் ரீச்சரிடமிருந்து வந்ததாம்.

அந்தப் பாடசாலைகள் கொடையில் நடந்தவை. நியூ இங்கிலாந்தின் சிறு ஊர்களில் தேவாலயப் பெண்கள் சங்கங்கள் காசு சேர்த்து அனுப்பின. ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவைப் பொறுப்பேற்றவருக்கு ஓர் உரிமை இருந்தது: அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்துப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை அதனால்தான் ஜே. ஆர். ஆர்னல்ட். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளையின் முன்னால் கறல் என்று ஓர் ஒட்டு நிற்பதும் அப்படித்தான். சின்ன வயதில் அந்தப் பெயர்களைப் பார்த்து, ஏதோ இங்கிலீசு மோகம் என்று நினைத்திருக்கிறேன். யாரோ ஒருவர் கட்டிய பணத்துக்கான பற்றுச்சீட்டு அது என்று பின்னாளில்தான் விளங்கியது. உடுவிலில் படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்தின் நாடித்துடிப்பை அமெரிக்கர்கள் எவ்வளவு விரைவாகப் பிடித்தார்கள் பாருங்கள்.

எனக்கும் ஒரு பற்றுச்சீட்டு உண்டு. 1986 வசந்தத்தில், அந்நாளில் பலர் வந்த வழியில்தான் வந்தேன்: கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து ஃபிரெட்ரிக்ஸ்ட்ராஸ நிலையம், ரயிலேறினால் மேற்கு பெர்லின். பிறகு ரூர் பிரதேசத்தில் ஓர் அகதி விடுதி. அந்த ஆண்டின் முதற்குளிர் வரும்போது ஓர் உதவிக்குழு பெட்டி பெட்டியாகக் கம்பளிச் சட்டைகள் கொண்டுவந்தது. எனக்குக் கிடைத்தது மண்ணிறச் சட்டை, கையால் பின்னியது, கழுத்தோரம் அருமையான வேலை. உடனே போட்டுக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அதற்குமுன் எங்களை வரிசையாக நிற்கச் சொல்லி, சட்டைகளை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சில மாதங்களின் பின் ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கிடந்த மடிப்பிதழில் என் முகத்தைக் கண்டேன். நன்றி சொல்லும் இலங்கைப் பெண் என்று கீழே எழுதியிருந்தது. அப்போது அந்த மொழியை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாசித்துவிட்டு இதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்த வேறு யாரும் பார்க்கக்கூடாது என்று.

சட்டையை ஏழு குளிர்காலம் போட்டேன். அதைவிடக் கதகதப்பான ஒன்றை இன்றுவரை நான் வாங்கியதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் நான் அதிக நாள் செலவிட்டு வாசித்தது யாழ்ப்பாணத்தைப் பற்றியல்ல, நாகர்கோவிலைப் பற்றி. அன்று அது திருவிதாங்கூர் ராச்சியம். 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஜேர்மனியில் இருந்து எழுதுவதால் முதலில் ஒரு ஜேர்மன்காரர். சிலேசியாவில் பிறந்து ஹாலேயில் படித்த ரிங்கல்தௌபே 1806 முதல் மயிலாடியில் இருந்து லண்டன் மிஷனுக்காக வேலை செய்தார். பெயருக்குக் காட்டுப்புறா என்று பொருள். 1816இல் அவர் விட்டுப் புறப்பட்டபோது உடம்பில் ஒரு மேற்சட்டை இல்லை, தலையில் ஊரில் செய்த வைக்கோல் தொப்பி என்று சென்னையில் அவரைக் கண்ட மிஷனரி எழுதிவைத்திருக்கிறார். பிறகு என்னவானார் என்பது சரித்திரத்தில் இல்லை. சட்டை பின்னிக்கொடுக்க அவருக்கு ஓர் ஆளில்லாமல் போயிற்று.

அவருக்குப் பின் 1818இல் சார்ள்ஸ் மீட் வந்தார். 1819 முடிவில் சார்ள்ஸ் மால்ட்டும் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்தார்கள். மார்த்தா நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். அதன் செலவுக்காக 1821 வாக்கில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை லேஸ் என்று சொல்வார்கள். கெட்டியான தலையணையின் மேல் துளையிட்ட மாதிரித் தாள், துளைதோறும் குண்டூசி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் சோடி சோடியாய்த் தொங்கும். ஒன்றின்மேல் ஒன்று கடத்தி, முறுக்கி, அடுத்த ஊசிக்குப் போகவேண்டும். வடிவத்தைத் தீர்மானிப்பது அந்தத் துளைத் தாள்தான். பிள்ளைகள் அதன்மேல் நடப்பார்கள். வியர்க்கும் கையில் வெள்ளை நூல் அழுக்காகாமல் வேலை செய்வதற்கு என்ன பொறுமை வேண்டும் என்பது பின்னுகிறவர்களுக்குத் தெரியும். லேஸ் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கும் கடல் கடந்தும் விற்பனையானது. வந்த பணம் பாடசாலைக்குப் போனது, பின்னியவர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி நடந்தது. லேஸ் காசைச் சேர்த்துத் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் இருந்தார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. இந்த வரியில் நான் நிறைய நேரம் நின்றேன். ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம் என்று தன் விலையைத் தானே பின்னி எடுப்பது. விற்றவனுக்கும் வாங்கியவளுக்கும் நடுவில் ஒரு சீமாட்டியின் கைக்குட்டை ஓரம்.

மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே வளர்ந்தவர், தமிழ் பேசப் பழகியவர். 1844இல் அவர் மணந்தவரைத் தமிழ் படித்த எவரும் அறிவர்: ரொபர்ட் கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலையாக நின்றுவிட்டவர். எலைசா அம்மாவிடம் கற்ற லேஸை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அகராதி வின்ஸ்லோவின் வீட்டிலும் இலக்கணக் கால்டுவெல்லின் வீட்டிலும் ஊசி இருந்தது என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லைத்தான்.

லேஸைவிட என்னைப் பிடித்து இருத்தியது குப்பாயம். அந்நாளில் தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்டிருந்த சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக்கூடாது. உயர்ந்த சாதியார் முன் திறந்து நிற்பதே மரியாதை. 1814இல் திவானாகவும் ரெசிடென்ராகவும் இருந்த கேணல் மன்றோ, கிறிஸ்தவரான நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிளைப் பெண்களையும் போல ஒரு குப்பாயம் அணியலாம் என்று அனுமதித்தார். அந்தக் குப்பாயத்தை வடிவமைத்தவர்கள் திருமதி மீட்டும் திருமதி மால்ட்டும். தளர்ந்த உடம்பு, குட்டைக் கை, ஓர் அலங்காரமும் இல்லை. எவர் கண்ணையும் உறுத்தாதபடி வெட்டிய சட்டை. இரண்டு அந்நியப் பெண்கள் ஒரு மேசையில் துணியை விரித்து, எங்கே வெட்டினால் அரசாங்கமும் கோபிக்காது, வேதமும் கோபிக்காது என்று அளந்து அளந்து வெட்டியிருப்பார்கள். மாதிரி வரைவது எத்தனை பேருக்குப் பதில் சொல்லும் வேலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது குப்பாயமல்ல. அவர்கள் கண்ணில் நின்றது நாயர் பெண்கள் தோளில் போடும் மேல்சீலை. குப்பாயத்தைப் போட்டார்கள், போட்டு, அதன்மேல் தோள்சீலையையும் போட்டார்கள். சந்தையில் இழுத்துக் கிழித்தார்கள், வீடுகளையும் ஆலயங்களையும் எரித்தார்கள். 1822இல் ஒருமுறை, 1827 தொடங்கி மறுமுறை. 1829 பெப்ரவரியில் வந்த அரச பிரகடனம், குப்பாயம் போடலாம், மேல்சீலை கூடாது என்றது. அவர்கள் விடவில்லை. 1858, 59இல் கலவரம் பெரிதாகி, சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் அழுத்தம் கொடுத்து, 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராசா இன்னொரு பிரகடனம் விட்டார். எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணி சுற்றலாம், வேறெப்படியும் மறைக்கலாம், ஆனால் உயர்ந்த சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது. வென்ற பிறகும் அப்படி ஒரு வால். அந்த வாலையும் பெண்கள் காலப்போக்கில் கவனியாமல் விட்டார்கள். மிஷனரி அம்மாக்கள் கொடுத்த சட்டையை வாங்கிக்கொண்டு, அதற்கு மேலே தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் ‘தரும பூமி’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். அந்த ராச்சியம் தன்னைத்தானே அழைத்துக்கொண்ட பெயர்தான் அது. பிராமணருக்குச் சத்திரம் சத்திரமாய்ச் சோறு போட்டதற்காக.

கொடை எப்போது வியாபாரமாகிறது என்பதற்கு இன்னொரு கதை, இதுவும் ஜேர்மன் வழியாக வந்தது. ஆந்திராவில் நர்சாப்பூர் என்றோர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பு வேண்டுமென்று குரோஷே லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். நூறு வருடத்தில் அது ஏற்றுமதித் தொழிலானது. இங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே போனால் கேல்ன். அங்கே பேராசிரியராக இருந்த மரியா மீஸ், 1970களின் முடிவில் நர்சாப்பூரில் தங்கி ஆராய்ந்து 1982இல் புத்தகம் எழுதினார். நாள் முழுக்கப் பின்னிய பெண்களைத் தொழிலாளிகள் என்று யாரும் எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள் என்றார்கள். சும்மா இருக்கும் நேரத்துக்கு எதற்குச் சரியான கூலி? பெண்கள் பின்னினார்கள், ஆண்கள் ஏற்றுமதி செய்து பணக்காரரானார்கள். மீஸ் 2023இல் காலமானார். அவருடைய புத்தகத்தை வாசித்த பிறகு, “பொழுதுபோக்குத்தானே” என்று யாராவது என் பின்னலைப் பார்த்துச் சொன்னால் சட்டென்று கோபம் வருகிறது. மண்டபத்தில் நாங்கள் பின்னுவதும் கூலியில்லா வேலைதான். வித்தியாசம், அதை வைத்து யாரும் பணம் பண்ணவில்லை என்பது. இப்போதைக்கு.

இதையெல்லாம் குழுவில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, அந்த மூத்தவர் ஊசியை மடியில் வைத்தார். அவர் பேசுவது குறைவு. 1914 போரில் தன் பாட்டி முன்னணிக்குக் காலுறை பின்னியதைச் சொன்னார். அன்புக் கொடைகள் என்று பெயர். ஊரெல்லாம் காலுறையும் மணிக்கட்டு உறையும் பின்னி அனுப்ப, 1915 ஜனவரியிலேயே பேரரசு முழுவதும் ஒரு கம்பளி வாரம் அறிவித்துப் பழந்துணி சேர்க்கவேண்டி வந்தது. 1941 மார்கழியில், ரஷ்யக் குளிரில் படை விறைத்தபோது, கோயபல்ஸ் வானொலியில் கம்பளி கேட்டார். “கேட்டார் என்றால், கொடுக்காமல் இருக்க முடியாத மாதிரிக் கேட்டார்,” என்றார் மூத்தவர். அவருடைய அக்காவின் கையுறை போயிற்று. அவருக்கு அப்போது எட்டு வயது. பன்னிரண்டு வயதில், 1945 மார்ச் 12 பகலில், 1,108 விமானங்கள் டோர்ட்மண்ட் மேல் குண்டு போட்டன. போரில் எந்த நகரும் ஒரே தாக்குதலில் அத்தனை குண்டுகளை வாங்கியதில்லை. அடுத்த குளிருக்கு அவருடைய அம்மா சீனிச் சாக்கை இழையிழையாகப் பிரித்து உடுப்புப் பின்னினார். “சொறியும்,” என்று சொல்லிக் கழுத்தைத் தடவிக் காட்டினார், எண்பது வருடம் கழித்தும். 1946 முதல் அமெரிக்கப் பொதிகள் வந்தன. “பொதி வாங்கியவர்களிடம் நன்றிக் கடிதம் கேட்டார்கள். அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. நான் எழுதினேன், பாடசாலையில் சொல்லித் தந்த வசனத்தை.”

நான் மண்ணிறச் சட்டையின் கதையைச் சொன்னேன். அந்த மண்டபத்தில் அதுவரை சொன்னதில்லை. ஏழாவது குளிர் முடிந்து முழங்கை தேய்ந்தபோது அதைப் பிரித்து, நூலை ஆவியில் காட்டி நேராக்கி, என் மகளுக்கு ஒரு தொப்பியும் கையுறையும் பின்னினேன் என்பதையும் சொன்னேன். மகள் இப்போது ஹம் நகரில் இருக்கிறாள். காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போகும்போது அவள் வீட்டில்தான் தங்குவேன். அந்தக் கையுறையின் ஒற்றை இன்னும் அவளிடம் உண்டு.

அன்றைய கூட்டத்துக்கு வேறொரு விடயம் இருந்தது. தொப்பியோடு ஓர் அட்டை வைக்கலாம் என்று சிலர் யோசித்திருந்தார்கள்: பின்னியவரின் முதற்பெயர், தேவாலயத்தின் படம், விரும்பினால் தொப்பியோடு குழந்தையின் படம் அனுப்பும்படி ஒரு வரி. நல்லெண்ணம்தான். ஒரு படம் வந்தால் எங்களுக்கு எவ்வளவு சந்தோசமாயிருக்கும் என்றார் அட்டை வரைந்தவர். அவர் சொன்னது உண்மை. எனக்கும் சந்தோசமாயிருக்கும். ஆனால் அந்த அறையில் இருக்கும் தாயை நான் நினைத்துப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தன் பிள்ளையைத் தொட அனுமதி கேட்டு நிற்பவள். பிள்ளை பிழைக்குமா தெரியாது. அவளிடம் போய்ப் படம் கேட்பதா? மூன்று வியாழக்கிழமை வாக்குவாதம் நடந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை. கடைசியில் தோய்க்கும் முறை மட்டும் எழுதிய அட்டை என்று முடிந்தது. 60 பாகை, உலர்த்தும் இயந்திரம் வேண்டாம், பெயர் இல்லை. என்னோடு இன்னமும் முகம் கொடுத்துப் பேசாத ஒருவர் குழுவில் இருக்கிறார்.

என் மாதிரித் தாளின் கதையையும் சொல்லவேண்டும். முதல் முப்பது தொப்பிகள் போய் ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு தாதி மண்டபத்துக்கு வந்தார். தொப்பியை உட்புறம் திருப்பிக் காட்டினார். அளவு மிகச் சரி, சுருங்கவில்லை, எல்லாம் நல்லது. ஆனால் அரிசிக் குருணைகள் நெற்றியில் பதிந்துவிடுகின்றன என்றார். அந்தத் தோல் அவ்வளவு மெல்லியது, ஒரு மணித்தியாலத்தில் புள்ளி புள்ளியாக அச்சு விழுகிறது. ஆகவே அவர்களாகவே ஒரு வழி செய்திருந்தார்கள். சாதாரணப் பின்னலில் ஒருவர் பின்னிய நீளமான தொப்பியை உள்ளே வைத்து, என்னுடையதை அதன்மேல் போட்டார்களாம். “அப்படிப் போட்டால் நல்ல சூடு,” என்றார்.

இரண்டு தொப்பி. ஒன்றின்மேல் ஒன்று. எனக்கு உடனே குப்பாயமும் தோள்சீலையும் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஏன் என்று அந்தத் தாதிக்கு விளங்கவைக்க அன்றைக்கு நேரம் போதவில்லை.

தாளைத் திருத்தி எழுதினேன். 56 கண்ணி. உடம்பு முழுவதும் நேர்ப் பின்னல், வழுவழுப்பான பக்கம் உள்ளே இருக்கவேண்டும் என்று அடிக்கோடு. அரிசிப் பின்னல் கீழ் ஓரத்தில் மட்டும், பத்துச் சுற்று, அதை வெளிப்புறமாக மடித்துவிட்டால் குருணை தோலில் படாது. துருக்கிப் பெண் அதைக் கணினியில் தட்டும்போது, தலைப்பில் முத்து என்று போடவா, அரிசி என்று போடவா என்று கேட்டாள். நான் வாய்திறக்குமுன் மூத்தவர், “அரிசி என்று போடு, அவளுடைய அம்மாவின் பெயர் அதுதானே,” என்றார். பிறகு தன் ஊசியை எடுத்து, நூலை இடது சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, முதற் கண்ணிகளைப் போடத் தொடங்கினார். பதினான்கு, பதினான்கு, பதினான்கு, பதினான்கு.